தோள் அறுவைக்குப் பின் ஊசி விடும் ராத்திரி: மயக்க மருத்துவர்களுக்கும் எலும்பு மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாக்டர்களுக்கு,

தோள்பட்டையில் அறுவை செய்வதற்கு முன்னால் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு ஊசி போடுகிறீர்களே, கை முழுக்க மரத்துப்போகிற அந்த நெர்வ் பிளாக், அதைப் பற்றித்தான் இந்த மடல். அது வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாளைக்கே எனக்கு இன்னொரு தோளிலும் கத்தி வைக்க வேண்டும் என்றால் முதலில் அந்த ஊசியைத்தான் கேட்பேன். ஆனால் அதைப் போடும்போது காட்டுகிற அக்கறையில் பாதியையாவது அதன் மரப்பு விட்டுப்போகிற நேரத்துக்கும் காட்டுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். போடும்போது நீங்கள் சுற்றி நிற்கிறீர்கள், அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைத் தேடிப் பார்க்கிறீர்கள், இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு என்று எல்லாவற்றையும் கண்காணிக்கிறீர்கள். விடும்போதோ நோயாளி வீட்டில் இருக்கிறார், நடு ராத்திரி, பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு சொந்தக்காரர், கையில் ஒரு மருந்துச் சீட்டு. அவ்வளவுதான்.

தோள் அறுவை எவ்வளவு வலிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைப்பதற்கு எலும்பிலேயே துளை போட்டு ஆங்கர் என்ற சின்னப் பிடிமானத்தை இறக்குகிறீர்கள். வெளியே பார்த்தால் இரண்டு மூன்று சின்னத் துளைகள், உள்ளே நடந்திருப்பது பெரிய வேலை. மூட்டு மாற்று அறுவை என்றால் கேட்கவே வேண்டாம். இந்த வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்புகள் கழுத்தில் ஐந்தாவது, ஆறாவது வேர்களிலிருந்து கிளம்பி, இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே வரிசையாக வருகின்றன. அந்த இடுக்கில் மருந்தைக் கொண்டுபோய் வைத்தால் தோள் அடங்கிவிடுகிறது. 1970-இல் வின்னி இந்த வழியை எழுதி வைத்ததிலிருந்து இன்று வரை தோள் அறுவைக்கு இதைவிட உறுதியாக வலியைப் பிடித்து நிறுத்துகிற முறை என்று வேறு எதையும் பெரிதாகச் சொல்ல முடியவில்லை. மார்ஃபின் வகை மருந்து குறைகிறது, வாந்தி குறைகிறது, மயக்கம் தெளிந்து எழும்போது முகத்தில் ஒரு நிம்மதி இருக்கிறது, அன்றைக்கே வீட்டுக்கும் போக முடிகிறது.

சிக்கல் அந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை பத்து மணிக்கு ரோபிவகெய்னோ பியூபிவகெய்னோ, ஏதோ ஒரு மரப்பு மருந்தை ஒரே தடவையாகப் போடுகிறீர்கள். மருந்து, அளவு, ஆள் இதையெல்லாம் பொறுத்து அது 10 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை தாங்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளும். அப்படியென்றால் விடுகிற நேரம் ராத்திரி எட்டு மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் நடுவில் எங்கேயாவது வந்து விழுகிறது. அதாவது மருந்துக்கடை மூடிய பிறகு, வெளிநோயாளர் பிரிவு மூடிய பிறகு, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு. சாயங்காலம் முழுக்க அந்த ஆள் வலியே இல்லாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருப்பார், பார்க்க வந்தவர்களிடம் ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லியிருப்பார், மாத்திரையைத் தொட்டிருக்கவே மாட்டார். ஏன் தொட வேண்டும், வலிதான் இல்லையே? அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ தூக்கத்தில் தோள் கனக்க ஆரம்பிக்கும், அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் பூஜ்யத்திலிருந்து பத்துக்கு எட்டு, ஒன்பது என்ற இடத்துக்கு ஏறி நிற்கும். வலி படிப்படியாக ஏறினால் மனமும் உடலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகும். இங்கே அந்த அவகாசமே கிடையாது.

நீங்கள் இதற்கு ரீபவுண்ட் வலி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், இது உங்களுக்குப் புதிதல்ல. இந்த ஊசியைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஒரே தடவை போடும் ஊசியின் பலன் அசையாமல் இருக்கும்போது சுமார் 8 மணி நேரமும், தோளை அசைக்கும்போது 6 மணி நேரமும்தான் தெளிவாகத் தெரிகிறது, 24 மணி நேரத்தை ஒட்டி ஊசி போட்டவர்களுக்கு வலி திருப்பி அடிக்கக்கூடும் என்று சொன்னது. 2021-இல் வந்த இன்னொரு ஆய்வில், தோள் என்று மட்டும் இல்லாமல் பல வகை அறுவைக்கு நெர்வ் பிளாக் போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி வலி திரும்பியிருக்கிறது. இளம் வயதினருக்கும் பெண்களுக்கும் எலும்பைத் தொடுகிற அறுவை செய்தவர்களுக்கும் அது அதிகமாக இருந்திருக்கிறது. ராத்திரி போனில் அழுகிற ஒரு பெண்ணிடம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற டியூட்டி டாக்டர் யாராவது இதைப் படித்தால் அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கட்டும். அந்தப் பெண் பொறுமை இல்லாதவர் அல்ல. அவருக்கு அந்த வலி வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்க முடியும்.

என் தோளில் தசைநார் தைத்த நாளில் எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை, அறுவை செய்தவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு, தையல் அருமையாகப் பிடித்திருக்கிறது. ஆனால் கையில் கொடுத்த தாளில் வலி மாத்திரைக்கு நேரே எழுதியிருந்தது ‘வலி இருந்தால்’ என்று மட்டும்தான். நடு ராத்திரியில் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு ஒரு தரம், இரண்டு பெயர் எழுதியிருக்கிறதே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று. எனக்குப் பேச வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு மாத்திரை கொடுத்தார். வாயில் போட்ட மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதுவும் உச்சத்துக்குப் போய்விட்ட வலியை அது இறக்காது, கொஞ்சம் மழுக்கும். தாளின் கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தபோது எடுத்தவர் காலையில் ஓபிக்கு வாருங்கள் என்றார்.

ஆக, நான் முதலாவதாகக் கேட்பது இதுதான்: ‘வலி இருந்தால்’ என்று எழுதுவதை, நெர்வ் பிளாக் போட்ட தோள் நோயாளிக்கு முதல் இரண்டு மூன்று நாட்களாவது விட்டுவிடுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு இது, ராத்திரி படுக்கும் முன் இது, நடுவில் அலாரம் வைத்து எழுந்து இது, என்று. பெரியவர்களுக்கு பாரசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ ஈரல் பாதிப்பு இருந்தாலோ இன்னும் குறைவு என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அக்காவுக்கு அது தெரியாது. அதோடு வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கிற இபுப்ரோஃபென், செலிகாக்சிப் வகை மாத்திரை ஒன்று. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மருந்து, இதில் எது இருந்தாலும் அதைக் கவனித்து. தைத்த தசைநார் எலும்போடு ஒட்டுவதை இந்த வகை மருந்து தாமதப்படுத்துமோ என்று எலும்பு மருத்துவர்களில் சிலர் தயங்குவது எனக்குத் தெரியும். தயங்குவது உங்கள் உரிமை. ஆனால் அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு எதை வைக்கிறீர்கள் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், வெறும் இடமாக விட்டுவிடக்கூடாது.

ரொட்டேட்டர் கஃப் எனப்படும் தோள் தசைநார்களின் அறுவைக்கான வலி நிர்வாகத்தைப் பற்றி, புரோஸ்பெக்ட் என்ற மருத்துவர் குழு 2019-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் இதையேதான் சொல்கின்றன: பாரசிட்டமால், வீக்க மருந்து, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, நெர்வ் பிளாக் எல்லாம் சேர்ந்து அடித்தளம், ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மருந்து என்பது அதையும் மீறி வரும் வலிக்கு மட்டும். அதாவது பிளாக் தனியாக நிற்கிற மருந்து அல்ல. அது மேலே இருக்கும்போதே கீழே மாத்திரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் அது விலகும்போது ஆள் பள்ளத்தில் விழமாட்டார். இது புத்தகத்தில் இருக்கிறது, மாநாடுகளில் பேசுகிறீர்கள். வீட்டுக்குப் போகிறவர் கையில் இருக்கும் தாளுக்கு மட்டும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ட்ரமடால் போன்ற ஓபியாய்டு மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை எழுதும்போது குமட்டும், தலை சுற்றும், மலச்சிக்கல் வரும், தூக்கத்தில் மூச்சைக் கொஞ்சம் அமுக்கும் என்று சொல்லித்தான் கொடுங்கள். எழுதாமலே விட்டுவிடவும் வேண்டாம். ஊசி விடுகிற அந்தச் சில மணி நேரத்துக்கு ஒரு பலமான மருந்து கையில் இருக்கிறது என்பதே பாதித் தைரியம். எண்ணி நாலைந்து மாத்திரை கொடுத்து, எந்த அளவு வலிக்கு எடுக்கலாம், எவ்வளவு நேரம் கழித்து அடுத்தது, தூக்க மாத்திரையோ மதுவோ கூடவே கூடாது என்று எழுதிவிட்டால் போதும்.

டெக்சாமெத்தசோனை இரத்தக் குழாய் வழியாகவோ பிளாக் மருந்தோடு சேர்த்தோ கொடுத்தால் மரப்பு இன்னும் பல மணி நேரம் நீளும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அது நல்ல விஷயம், விடும் நேரத்தை ராத்திரியிலிருந்து பகலுக்குத் தள்ளிவிடவும் அதனால் முடியும். ஆனால் சர்க்கரை நோய் இருப்பவரிடம் இந்த மருந்து கொடுத்திருக்கிறோம், ஓரிரு நாள் சர்க்கரை ஏறும், பயப்படாதீர்கள், அடிக்கடி பாருங்கள் என்று சொல்ல வேண்டாமா? சொல்லாததால் அறுவையால்தான் சர்க்கரை எகிறிவிட்டது என்று வீடே கலங்கிப் போகிறது.

இரண்டாவது விஷயம், ஊசி விடப்போகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. கழுத்தில் போடும் இந்த ஊசி தோளையும் மேல்கையையும்தான் முழுசாகப் பிடிக்கிறது. சுண்டு விரல் பக்கத்துக்குப் போகும் கீழ் வேர்களைப் பல சமயம் விட்டுவிடுகிறது. அதனால் சிலருக்கு ஆரம்பத்திலிருந்தே சுண்டு விரல் அசையும், உணர்ச்சியும் இருக்கும். ஊசி சரியாகப் பிடிக்கவில்லையோ என்று அவர்கள் பயப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு முதலில் கட்டை விரல், ஆள்காட்டி விரல் பக்கம் குறுகுறுப்பு வரும், முழங்கையை மடக்கப் பார்த்தால் கொஞ்சம் மடங்கும், மேல்கையின் வெளிப்பக்கத்தில் விரலால் தொட்டால் தொடுகிற மாதிரி லேசாகத் தெரியும். அந்தக் குறுகுறுப்புதான் எச்சரிக்கை. அதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும், போகவில்லை என்றால் அந்த நிமிஷமாவது போட வேண்டும், தோள் வலிக்கும் வரை காத்திருக்கக்கூடாது. இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது டாக்டர். அந்த ஒரு நிமிஷம் எங்களுக்கு ஒரு ராத்திரி.

மூன்றாவது, எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயம், மூச்சு. நெஞ்சுக்குக் கீழே மூச்சை இழுக்க உதவும் தசையான உதரவிதானத்தை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு நீங்கள் மருந்து வைக்கிற இடத்துக்கு மிக அருகில், முன் ஸ்கேலீன் தசையின் மேலேயே ஓடுகிறது. வழக்கமான அளவில் மருந்து போட்டால் அந்தப் பக்கத்து உதரவிதானம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சில மணி நேரம் அசைவதை நிறுத்திவிடுகிறது. 20 மில்லி போட்டபோது எல்லோருக்கும், அதையே 5 மில்லியாகக் குறைத்தபோது பாதிக்கும் சற்றுக் குறைவானவர்களுக்கு என்று 2008-இல் ஒரு ஆய்வு காட்டியது. முழுதாக இழுத்து விடுகிற மூச்சின் அளவு ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. நுரையீரல் நன்றாக இருப்பவர் இதைப் பெரும்பாலும் உணர மாட்டார், உணர்ந்தாலும் ஆபத்தில்லை. ஆனால் மல்லாந்து படுக்கும்போது நெஞ்சின் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாத மாதிரி, மூச்சை ஆழமாக இழுக்கப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிற மாதிரி ஒரு உணர்வு சிலருக்கு வரும். இது வரலாம் என்று தெரியாதவருக்கு அது மாரடைப்பு மாதிரிதான் இருக்கும். முன்னாலேயே சொல்லியிருந்தால் தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாக மூச்சு விட்டு, சமாளித்துவிடுவார். அப்படிச் சாய்ந்தும் மூச்சுத் திணறல் கூடிக்கொண்டே போனாலோ, நெஞ்சு குத்தினாலோ, உதடு நீலமானாலோ உடனே கிளம்பி வரவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லுங்கள்.

அப்புறம், நுரையீரல் ஏற்கெனவே பழுதானவர்கள், உடல் பருமன் அதிகம் உள்ளவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்கள். இவர்களுக்கு இதே ஊசியை இதே அளவில் போடுவதற்கு முன் இரண்டு தரம் யோசியுங்கள். மாற்று இருக்கிறது. அந்த ஐந்தாவது, ஆறாவது வேர்கள் ஒன்றாகச் சேருகிற மேல் டிரங்க்கில் மட்டும் போடும் பிளாக் இருக்கிறது. தோள் மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதியை எடுத்துச் செல்லும் சுப்ராஸ்கேப்புலார் நரம்பையும் அதோடு ஆக்சிலரி நரம்பையும் தனித்தனியாகப் பிடிக்கிற முறை இருக்கிறது, கழுத்தையே தொடாமல். அவை முதல் சில மணி நேரத்தில் கழுத்து ஊசி அளவுக்கு முழுசாகப் பிடிக்காமல் போகலாம், ஆனால் மூச்சை விட்டுவைக்கின்றன. நோயாளிக்குக் குறட்டை உண்டா, மாடி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப ஊசியை மாற்றுகிற மயக்க மருத்துவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். கேட்காமல் எல்லோருக்கும் ஒரே ஊசி போடுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

கண் இமை தொங்குவதையும் சொல்லிவிடுங்கள். மருந்து கொஞ்சம் பரவினால் ஊசி போட்ட பக்கத்துக் கண் சிறுத்து, இமை இறங்கி, கண் சிவந்து இருக்கும், குரல் கரகரக்கும். மருந்து விட்டதும் தானாகச் சரியாகிவிடும். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பது என்ன? ஒரு கை அசையவில்லை, அதே பக்கத்தில் கண் இறங்கியிருக்கிறது, பேச்சும் ஒரு மாதிரி இருக்கிறது. பக்கவாதம் என்று நினைக்காமல் வேறு எதை நினைப்பார்கள்?

மரத்த கையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது சின்ன விஷயம்தான், இருந்தாலும் எழுதிக் கொடுக்க வேண்டியது. கையைத் தாங்கும் ஸ்லிங்கிலிருந்து நழுவினால் தெரியாது, முழங்கையின் உள்பக்கம் நாற்காலிக் கையில் மணிக்கணக்கில் அழுந்திக் கிடந்தாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது. ஐஸ் பேக் வைக்கச் சொல்கிறீர்கள், நல்லது, ஆனால் மரத்த தோலுக்குக் குளிர் எப்போது அதிகமாகிறது என்று சொல்லத் தெரியாது. துணி சுற்றி, 15 அல்லது 20 நிமிஷம் வைத்து எடுத்துவிட வேண்டும், தோலைக் கண்ணால் பார்க்க வேண்டும். படுக்கும்போது நேராகப் படுக்காமல் முதுகைச் சாய்த்து அரை உட்காரலாக, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, தோள் பின்னால் சரியாமல். இந்தத் தலையணை இருக்கிறதா இல்லையா என்பது வலியில் எவ்வளவு வித்தியாசம் பண்ணுகிறது என்பதை அனுபவித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதைச் சொன்னது ஒரு பிசியோதெரபிஸ்ட், அறுவை முடிந்து வெகு நாள் கழித்து.

நரம்புக்குப் பக்கத்தில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை வைத்து இரண்டு மூன்று நாள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிற முறை பற்றியும் நோயாளியிடம் பேசுங்கள். எல்லோருக்கும் அது தேவைப்படாது, குழாய் நழுவிவிடலாம், கசியலாம், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் பெரிய அறுவை, ஓபியாய்டு ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் அந்த வழி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை இருக்கிறது.

இதையெல்லாம் எப்போது சொல்வது என்றால், அறுவை அறைக்கு வெளியே டிராலியில் படுக்க வைத்து, தலையில் தொப்பி மாட்டி, கையில் ஊசி குத்தி, ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிற அந்த நேரத்தில் அல்ல. அந்த நேரத்தில் காதில் எதுவும் ஏறாது. மயக்கத் தகுதிப் பரிசோதனைக்கு வரும் நாளில் சொல்லுங்கள், கூட வந்திருப்பவரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ராத்திரி விழித்திருக்கப் போவது அவர்தான். சொன்னதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள், பெரிய எழுத்தில், அன்று போட்ட மருந்தின் பெயரையும் போட்ட நேரத்தையும் எதிர்பார்க்கும் விடும் நேரத்தையும் கையால் நிரப்பி. அரிதாக நரம்பே பாதிக்கப்படுவதும் உண்டு, நீண்ட நாள் நீடிப்பது பத்தாயிரத்தில் ஒரு சிலருக்குத்தான் என்றாலும் அதையும் மறைக்க வேண்டாம். இரண்டு நாள் கழிந்தும் மரப்போ கையில் பலவீனமோ மாறவில்லை என்றால் யாரிடம் வரவேண்டும் என்று அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். அப்படிச் சொல்லியே ஒரு டாக்டர் என்னிடம் வாதாடினார், நல்ல மனிதர், நோயாளியை நிம்மதியாக உள்ளே அனுப்ப வேண்டும் என்பது அவர் எண்ணம். என்னால் அதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. வலி வரப்போகிறது, இத்தனை மணிக்கு வரலாம், இவ்வளவு நேரம் இருக்கும், இதைச் செய்தால் அடங்கும் என்று தெரிந்தவர் பயப்படுவதில்லை, தயாராகிறார். வலிக்காது என்று மட்டும் கேட்டு வீட்டுக்குப் போனவர்தான் நடு ராத்திரியில் தையல் பிய்ந்துவிட்டது, ஏதோ தப்பாகிவிட்டது என்று நடுங்குகிறார். அந்த நடுக்கம் வலியை இன்னும் ஏற்றுகிறது, அப்படியே அவசரப் பிரிவுக்கு ஓடி வருகிறார். வராமல் தடுத்திருக்கக்கூடிய ஒரு வருகை அது.

நேரம் இல்லை என்பீர்கள். அதை நான் நம்புகிறேன். ஒரு நாளில் எத்தனை அறுவை, எத்தனை மயக்கம் என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் தாள் கேட்கிறேன், செவிலியர் ஒருவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கும் பயிற்சி கேட்கிறேன், எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள் என்று கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊசி போட்டவர் மயக்க மருத்துவர், மாத்திரை எழுதுபவர் எலும்பு மருத்துவர், தாளை நிரப்புபவர் இன்னொரு ஜூனியர். ராத்திரி வலி என்று போன் வந்தால் அது யாருடைய நோயாளி? மயக்க மருத்துவர் பெயர்கூடப் பல நோயாளிகளுக்குத் தெரியாது, முகமூடிக்கு மேலே இரண்டு கண்ணைப் பார்த்ததோடு சரி. அறுவை மருத்துவரோ அது பிளாக் விடுவதுதான், சாதாரணம் என்று வைத்துவிடுகிறார். சாதாரணம் என்பது உண்மைதான், அதனாலேயே அதற்கு ஒரு பதில் தயாராக இருந்திருக்க வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்கு ஒரே ஒரு எண், எடுப்பவருக்கு அன்றைக்கு யார் யாருக்கு எந்த மருந்தில் பிளாக் போட்டது என்ற பட்டியல் கையில், அடுத்து என்ன மாத்திரை எடுக்கலாம் என்று சொல்லும் அதிகாரம். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. தையல் பிரிக்க வரும் நாளில் காயத்தைப் பார்க்கிறீர்கள், கையை எவ்வளவு தூக்க முடிகிறது என்று பார்க்கிறீர்கள். முதல் ராத்திரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நோயாளியும் அதற்குள் சரியாகிவிட்டதே என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார், அதனால் உங்களுக்கு அது தெரியாமலே போகிறது. கேளுங்கள். ஊசி எத்தனை மணிக்கு விட்டது, பத்துக்கு எவ்வளவு வலித்தது, அதற்கு முன் மாத்திரை போட்டிருந்தாரா, எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று நான்கு கேள்வி. பதிலை அன்று போட்ட மருந்து, அளவு, நேரம் இவற்றுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் கையிலேயே தெரிந்துவிடும், உங்கள் ஊசி உங்கள் நோயாளிகளுக்கு எப்போது விடுகிறது, மாத்திரையை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கச் சொல்ல வேண்டும் என்று. அடுத்து வருகிறவரின் தாளில் அந்த நேரத்தைப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தோளில் தையலோடு இருக்கும் ஒரு நோயாளி